வெள்ளம் வடிஞ்ச பிறகு பிள்ளையளின்ர பாட்டு, நடன, கூத்து வகுப்பை எப்பிடித் திரும்பத் தொடங்கிறது

இலங்கையின்ர வடக்கில வன்னி ஆக்களுக்கு அழிவு எண்டா என்னெண்டு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்ல. 2004 டிசம்பர் 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையை வழிச்சுக்கொண்டு போனது, 2009 கடைசி யுத்தத்தப் பற்றி எழுத வெளிக்கிட்டா இதில முடியாது, 2018 டிசம்பரில இரணைமடுக் குளத்து வான்கதவெல்லாம் திறந்து கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிக்குள்ள கிடந்தது, பிறகு 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல். ஒவ்வொருக்காவும் சனம் முதல்ல தேடுறது சமைச்ச சாப்பாடு, தறப்பாள், கிணறு இறைக்க மோட்டர், அது சரிதான், அதில ஒரு பிழையும் இல்ல. ஆனா பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த உடன விட்டுப்போன பாடத்த முடிக்கவேணும் எண்டு கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் மேலதிக வகுப்பு வைப்பினம், அதுக்கு நேரம் எங்க இருந்து எடுப்பினம் எண்டு நினைக்கிறியள், சங்கீதம், டான்ஸ், நாடகம் இந்த மூண்டிலயும் இருந்துதான். நான் இத எழுதிறது அழகியல் பாட ரீச்சர்மாருக்கும், வீட்டில வைச்சு டான்ஸ் கிளாஸ் எடுக்கிற ஆக்களுக்கும், கூத்துப் பழக்கிற அண்ணாவிமாருக்கும், அறநெறிப் பாடசாலை நடத்திற ஆக்களுக்கும், வெளிநாட்டில இருந்து ஏதும் செய்யவேணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கும்.

ஒரு விசயத்த மட்டும் முதல்லயே சொல்லிப்போட்டுப் போறன். வகுப்பு வகுப்பாத்தான் இருக்கவேணும். முகாமில அந்தப் பிள்ளைக்குப் பேர் "பாதிக்கப்பட்ட பிள்ளை", லிஸ்டில ஒரு நம்பர், நிவாரண லைனில அம்மாவின்ர சீலையப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. சங்கீத கிளாசில மட்டுந்தான் அது ஜண்டை வரிசையில ரெண்டாங்காலம் வரேக்க தாளத்த விடுற பிள்ளை, "திரும்பப் பாடு" எண்டு ரீச்சர் சொல்லிற பிள்ளை. கீழ நான் சொல்லப்போற எல்லாமே அந்த ஒண்டக் காப்பாத்தத்தான்.

எப்ப தொடங்கிறது

வீடு கழுவி முடிய வேண்டாம், பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் காவலிருக்கவும் வேண்டாம். பிள்ளையளுக்குச் சாப்பாடு, படுக்க இடம், குடிக்கிற தண்ணி, தாய் தேப்பன் அல்லாட்டி ஆரும் சொந்தக்காரர் பக்கத்தில, இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலம் போதும், ஆனா ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே இடம், அதே ரீச்சர். கிழமையில ஒருக்கா மூண்டு மணித்தியாலம் வைக்கிறதை விட இது எவ்வளவோ மேல். எல்லாம் தலைகீழாக் கிடக்கேக்க நாலு மணிக்கு ரீச்சர் வருவா எண்டு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கிறது பெரிய விசயம், அதால வரமாட்டியள் எண்டால் வருவன் எண்டு சொல்லாதேங்கோ.

செத்தவீடு நடந்த ஊரெண்டால் இது வேற கதை. துடக்கு (தீட்டு) நேரத்தில பிள்ளை சலங்கை கட்டினா சனம் கதைக்கும், கதைக்கிறதிலயும் ஒரு நியாயம் இருக்கு, அதைப் பழம்பஞ்சாங்கம் எண்டு தள்ளிவிட்டுப்போட்டு வகுப்பு நடத்த வெளிக்கிட்டா தாய்மார் பிள்ளையள அனுப்ப மாட்டினம். அந்தியேட்டிச் சடங்கு முடியுமட்டும் சலங்கை, மேளம், ஒப்பனை ஒண்டும் வேண்டாம். தேவாரம் படிக்கலாம், வேதப்பிள்ளையள் (கிறிஸ்தவப் பிள்ளையள்) எண்டால் கீதம் படிக்கலாம், கைத்தாளத்தோட சொற்கட்டுச் சொல்லலாம், அடவு குறிப்புக் கொப்பி எழுதலாம், உதெல்லாம் ஆட்டம் பாட்டம் எண்ட கணக்கில வராது. செத்தவீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வரலாமோ எண்டு நீங்கள் முடிவெடுக்காதேங்கோ, வீட்டுக்குப் போய் அம்மம்மாவிட்ட கேளுங்கோ, முக்கால்வாசி அம்மம்மாமார் "கூட்டிக்கொண்டு போங்கோ மோன, இஞ்ச இருந்து அழுதுகொண்டிருக்கிறதுக்கு" எண்டுதான் சொல்லுவினம். ஆனா கேட்டுத்தான் செய்யவேணும்.

வகுப்பில இருந்த பிள்ளையே போயிட்டுது எண்டால் அந்தப் பிள்ளையின்ர இடத்துக்கு உடன வேற பிள்ளைய நிப்பாட்டாதேங்கோ. மற்றப் பிள்ளையளிட்ட என்ன செய்வம் எண்டு கேளுங்கோ. சில குறூப் இடம் விட்டு ஆடும், சிலதுகள் வரிசைய மாத்தச் சொல்லும், ரெண்டும் சரி. அந்தப் பேரைச் சொல்லாமலே விடுறதுதான் சரியில்ல.

இடம்

பள்ளிக்கூடம் இடைத்தங்கல் முகாமாப் போயிருக்கும், அதால கோயில் மண்டபம், சேர்ச் ஹோல், பொதுநோக்கு மண்டபம், சனசமூக நிலையம், ஒண்டும் இல்லாட்டி ஒரு வளவில மாமர நிழல். யுத்தம் முடிய சனத்த வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில தறப்பாளுக்குக் கீழயே பிள்ளையள் படிச்சதுகள், அதால இடமில்ல எண்டது வன்னியில ஒரு சாட்டே இல்ல. ஜி.எஸ் (கிராம சேவகர்) ஐயும் முகாம் பொறுப்பாளரையும் கேட்டு நேரத்த எழுதி ஒட்டுங்கோ.

பரதமும் கூத்தும் வெறுங்காலில ஆடுறது, இதை நல்லா யோசிக்கவேணும். வெள்ளம் வந்துபோன நிலத்தில ஆணி, கண்ணாடி, தகரம் எல்லாம் சேத்துக்குள்ள கிடக்கும், எலிக்காய்ச்சலும் அந்தச் சேத்துத் தண்ணியாலதான் வாறது, காலில சின்ன வெட்டு இருந்தாலே போதும். அதால ஈரம் காயாத மண்ணில வெறுங்காலோட விடாதேங்கோ, காயுமட்டும் சீமெந்துத் தரையில இருந்துகொண்டு கைமுத்திரை, கண், கழுத்து, தாளம் இதுகளச் செய்யுங்கோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட (பி.எச்.ஐ) ஒருக்கா கேளுங்கோ. பிறகு எங்கட பக்கத்துக்கே உரிய இன்னொரு பிரச்சின: மண் கழுவுப்பட்டால் பழைய வெடிபொருள் மேல தெரிய வரும், இடம் மாறியும் கிடக்கும். முந்திப் பாவிச்ச வளவுதானே எண்டு நினைக்காதேங்கோ, வெள்ளத்துக்குப் பிறகு ஒரு பெரிய ஆள் பகல் வெளிச்சத்தில நடந்து பாத்த பிறகுதான் பிள்ளையள விடவேணும், சந்தேகமா ஏதும் கண்டால் தொடாமல் பொலிசுக்கு, 119 க்கு அடிக்கவேணும், பொடியளுக்கும் இதை முதல் நாளே சொல்லவேணும்.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு உடுப்பு மாத்த மறைப்பும் கக்கூசும் இருக்கோ எண்டு பாருங்கோ. எப்பவும் ரெண்டு பெரியாக்கள் நிக்கவேணும். பொழுதுபட முன்னம் முடிக்கவேணும், றோட்டில லைற் இராது.

முதல் கிழமையள்ள என்ன படிப்பிக்கிறது

தெரிஞ்சதையே. இந்த இடத்திலதான் ரீச்சர்மார் கனக்க அவசரப்படுவினம், சிலபஸ் பிந்திப்போச்சு எண்டு புது வர்ணம் தொடங்குவினம். வேண்டாம். சங்கீதமெண்டால் சரளி வரிசையில இருந்து, மாயாமாளவகௌளையில, மெதுவா, எல்லாரும் ஒண்டாச் சேந்து. டான்ஸெண்டால் முதல் அடவான தட்டடவு. "தெய்யா தெய்" எண்டு ரீச்சர் சொல்ல இருவது கால் ஒண்டா விழுற சத்தம் பிள்ளைக்குக் கேக்கவேணும், தனியாப் பாடு தனியா ஆடு எண்டு முன்னுக்கு இழுக்கிறதெல்லாம் பிறகு. ஒரே தாளத்தில ஒண்டா மூச்சு விடுற வேலை அது, பயந்துபோன உடம்புக்கு அது நல்லம், இதுக்குப் பெரிய விளக்கம் தேவையில்ல, ஒரு கிழமை நடத்திப்போட்டுப் பிள்ளையளின்ர முகத்தப் பாருங்கோ.

பெரிய சத்தம் கவனம். புயலில கூரைத் தகரம் பறந்ததக் கேட்ட பிள்ளை, மேளத்தில திடீரெண்டு அடிக்க ஓடிப்போய் மூலையில நிக்கும். அடிக்க முதல் சொல்லிப்போட்டு அடியுங்கோ, அந்தப் பிள்ளையின்ர கையிலயே தாளத்தக் குடுங்கோ, சத்தத்த உண்டாக்கிறது தான் எண்டு தெரிஞ்சா பயம் மெல்ல மெல்லக் குறையும். மழை தொடங்கினா வகுப்ப நிப்பாட்டி உள்ளுக்கு எடுங்கோ, "மழைக்கெல்லாம் பயப்பிடுறதோ" எண்டு பகிடி பண்ணாதேங்கோ. பாட மாட்டன், ஆட மாட்டன் எண்டு கரையில குந்தி இருக்கிற பிள்ளைய அப்பிடியே இருக்க விடுங்கோ, பாய் விரிக்கிற வேலை, வரவு எழுதிற வேலை ஏதும் குடுங்கோ, ஒருநாள் தானா எழும்பி வரும். இருமல் சளியோட இருக்கிற பிள்ளைய மேல் ஸ்தாயிக்கு இழுக்கவேண்டாம்.

நாடகம், கூத்து எண்டு வரேக்க

இதில கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும், ஏனெண்டால் நான் கண்டதில கூடப் பிழை நடக்கிறது இஞ்சதான். வெள்ளம் வந்த ஊரில பிள்ளையளக் கொண்டு வெள்ளத்தையே நாடகமாப் போடுறது. நீலச் சீலைய ரெண்டு பக்கம் பிடிச்சு ஆட்டி, ஒரு பிள்ளை "அம்மா அம்மா" எண்டு கத்த, முன்வரிசையில வந்திருக்கிற விருந்தினர் கண்ணத் துடைக்க, போட்டோ எடுக்க. அந்தப் பிள்ளை அண்டிரவு நித்திரை கொண்டதோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. நடந்ததச் சொல்லச் சொல்லி வற்புறுத்திறது உதவாது எண்டுதான் உளசமூக வேலை செய்யிற ஆக்களும் சொல்லினம். பிள்ளை தானாச் சொன்னா, தானா நடிச்சா, கேளுங்கோ, பாருங்கோ, நிப்பாட்ட வேண்டாம், ஆனா அதை மேடைக்கு ஏத்தவேண்டாம்.

எங்களிட்டக் கதைக்கு என்ன பஞ்சமோ. வற்றாப்பளை அம்மன்ர கதைய எடுங்கோ. நந்திக்கடல் கரையில மாடு மேய்ச்சுக்கொண்டிருந்த பொடியளிட்ட ஒரு கிழவி வந்து பசிக்குது எண்ட, அவங்கள் புக்கை பொங்கிக் குடுத்து, பொழுதுபட விளக்குக் கொளுத்த எண்ணை இல்லையெண்ட, கடல் தண்ணிய ஊத்திக் கொளுத்துங்கோ எண்டு கிழவி சொல்ல விளக்கு எரிஞ்சது. தலையில பேன் பாக்கச் சொல்ல தலை முழுக்கக் கண்ணா இருந்தது எண்ட கட்டத்துக்குச் சின்னதுகள் கீச்சிட்டுக் கத்தும். இதில கதாபாத்திரமே பிள்ளையள்தான், கையில ஒண்டும் இல்லாத பிள்ளையள், ஆனா உதவி கேட்டு வந்த ஆளுக்குச் சமைச்சுக் குடுக்கிறதுகள். எந்த நாளும் வாங்கிற கையாவே நிண்ட பிள்ளைக்கு குடுக்கிற ஆளா நடிக்கிறது எவ்வளவு நல்லம் எண்டு யோசியுங்கோ. உடுப்புத் தேவையில்ல, சாறமும் ஒரு பழைய சீலையும் காணும். ஒரேயொரு கவனம், நந்திக்கடல் எண்ட பேரே 2009 இல இழந்த ஆக்களுக்கு வேற ஒண்டையும் ஞாபகப்படுத்தும், ஊர்ப் பெரியாக்களோட முதல்ல கதைச்சுப்போட்டுச் செய்யுங்கோ.

காத்தவராயன் சிந்துநடையும் நல்லம், மெட்டுக் கெதியாப் பிடிபடும், காத்தான் பாத்திரத்த வயசுக்கு வயசு வேற வேற ஆள் ஆடலாம் எண்டதால கனபேருக்கு இடம் கிடைக்கும். காத்தானக் கழுவில ஏத்திற கழுமரக் கட்டத்த இந்த வருசம் விடுங்கோ, சின்னக் காத்தான்ர குழப்படி வரைக்கும் போதும். கோவலன் கூத்திலயும் அப்பிடித்தான், முல்லைமோடி எண்ட பாணியில ஆடுற ஊர்களில அண்ணாவியார் கோவலன வெட்டுற கொலைக்களக் கட்டத்த விட மனம் ஒப்பமாட்டார், நேர்த்தி எண்டும் சொல்லுவார், பெரியாக்கள் ஆடுற கூத்தில ஆடட்டும், பிள்ளையளின்ரயில வேண்டாம் எண்டு பணிவாச் சொல்லிப்பாருங்கோ. மன்னார்ப் பக்கத்து வாசாப்பு எண்ட கத்தோலிக்க நாடகத்திலயும் வேதசாட்சிமாரின்ர வதைக் கட்டங்கள் இருக்கு, அதுக்கும் இதே கதைதான்.

வாத்தியங்கள்

வெள்ளத்தில நனைஞ்ச மிருதங்கத்த வெயிலில வைக்கிறதுதான் எல்லாரும் செய்யிற முதல் வேலை, அதோட அது போச்சு. பலாக்கட்டை வெடிக்கும், தோல் காயக் காய இழுத்துக் கிழியும். வாரைத் தளத்திப்போட்டு நிழலில காத்துப்பட வையுங்கோ, மெதுவாக் காயட்டும், தோலின்ர நடுவில இருக்கிற கறுப்புச் சோறு பெயர்ந்துதெண்டால் அதை நோண்டாமல் தோல் மூட்டுப் போடுற ஆளிட்டக் குடுங்கோ. மத்தளம், உடுக்குக்கும் இதுதான். வீணையையும் வெயிலில வைக்கேலாது, தந்திக்குக் கீழ இருக்கிற மெட்டுகள் நிக்கிறது மெழுகில. வயலின் ஒட்டு விட்டுக் கழண்டிருக்கும், ஒரு துண்டும் தவறாமல் எடுத்துச் சீலையில சுத்தி வையுங்கோ, சுப்பர் குளூ மட்டும் போட்டிடாதேங்கோ, பிறகு திருத்திறவருக்கும் ஒண்டும் செய்யேலாது. ஆர்மோனியத்தக் காயுமுன்னம் வாசிச்சுப் பாக்கக் கூடாது, மூடியக் கழட்டி நிழலில வையுங்கோ. சுருதிப் பெட்டியக் கறண்டில போடாதேங்கோ, ரேடியோ திருத்திறவர் ஒருக்கா திறந்து பாக்கட்டும்.

சலங்கையச் சுத்தமான தண்ணியில கழுவி, மணியளத் தேசிக்காய் போட்டுத் தேச்சுத் துடைச்சு, ஊத்தையாப்போன தோல்ப்பட்டியக் கழட்டிப்போட்டு தடிச்ச துணியில திரும்பத் தைக்கலாம், இதைப் பிள்ளையளோட இருந்து செய்யுங்கோ, நல்ல வேலை அது. கக்கூஸ் தண்ணியில கிடந்த சலங்கையக் காலில கட்டலாமோ எண்டு பிள்ளையளுக்கு ஒரு சஞ்சலம் இருக்கும், ஒரு பூ வைச்சுக் கும்பிட்டுத் தொடங்குங்கோ, சரிவரும்.

ஒண்டுமே மிஞ்சேல்ல எண்டாலும் நிக்கத் தேவையில்ல. தாளம் தட்டுற தட்டுக்கழி ஒரு கட்டைத்துண்டு. சொற்கட்டு வாயில இருக்கு. சுருதிக்கு போனில தம்புரா அப் இருக்கு, நெற் இல்லாமலே வேலை செய்யிறதாப் பாத்து இறக்கி வையுங்கோ.

கொப்பியள்

கூத்துப் பாட்டெழுதின கொப்பி போனால் கடையில வேண்டேலாது. நனைஞ்ச கொப்பிய ஒற்றை ஒற்றையாப் பிரிக்க வெளிக்கிடாதேங்கோ, கிழியும். ரெண்டு நாளுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கீடும், அதுக்குள்ள இடையிடையே பேப்பர் வைச்சு நிழலில ஃபான் காத்தில காயவிடுங்கோ, கனக்கக் கொப்பி எண்டால் பொலித்தீனில சுத்தி ஆற்றயும் பிரிட்ஜில பிரீசருக்குள்ள வைச்சுப்போட்டு ஒவ்வொண்டா எடுத்துக் காயவைக்கலாம், பிரீசருக்குள்ள பூஞ்சணம் வளராது. காஞ்ச உடன போனில ஒவ்வொரு பக்கமாப் படமெடுங்கோ. கொப்பி அடியோட போச்சுதெண்டால் அண்ணாவியாரின்ர ஞாபகந்தான் மிச்சம், பெரிய வகுப்புப் பிள்ளையள் ரெண்டு பேரை அவரிட்ட அனுப்பி வொயிசில பதிஞ்சு எழுதச் சொல்லுங்கோ, வட்சப்பில நாலு பேருக்கு அனுப்பி வைச்சா ஒராளின்ர போன் தண்ணிக்குள்ள விழுந்தாலும் மற்றாளிட்ட இருக்கும். அச்சில வந்த கூத்துப் பிரதியள் நூலகம் இணையத்தளத்தில கிடக்கலாம், தேடிப் பாருங்கோ.

வகுப்பால முடியாதது

பாட்டும் ஆட்டமும் மருந்தில்ல. ஒரு மாசம் தாண்டியும் பிள்ளை கனாக் கண்டு கத்துது, படுக்கையில மூத்திரம் போகுது, கதைக்கிறதையே விட்டிட்டுது, தாயை விட்டு அசையுதில்ல, தன்னை ஏதும் செய்யப்போறன் எண்டு சொல்லுது (இதுக்கு ஒரு மாசம் பாக்கக்கூடாது, அண்டைக்கே) எண்டால் பள்ளிக்கூடத்தில இருக்கிற ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிட்டயோ ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவிலயோ சொல்லுங்கோ. 1926 மனநலத்துக்கு அடிக்கிற நம்பர், 1929 சிறுவர் பாதுகாப்புக்கு. முகாம்களில பிள்ளையளுக்கு வேற விதமான ஆபத்தும் இருக்கு, டான்ஸ் ரீச்சரிட்டத்தான் பிள்ளை முதல்ல வாய் திறக்கும், கேட்டால் மறைக்காமல் பிரதேச செயலகத்தில சிறுவர் உத்தியோகத்தருக்கு அறிவியுங்கோ.

சோதனையும் மேடையும்

ஓ.எல் (சாதாரண தர) பிள்ளையளுக்கு அழகியலில செயன்முறைப் பரீட்சை இருக்கு, வட இலங்கை சங்கீத சபைத் தரச் சோதனைக்கு எடுக்கிற பிள்ளையளும் இருக்கும், இவைய மட்டும் பிரிச்சு வேற நேரம் எடுங்கோ. சேட்டிபிக்கற் துலைஞ்ச பிள்ளையளின்ர பேர், சுட்டெண், வருசம் எல்லாத்தையும் ஒரு லிஸ்டாப் போட்டு வலயக் கல்வி அலுவலகத்தில அழகியல் பாட ஆசிரிய ஆலோசகரிட்டக் குடுத்தா ஒவ்வொரு தாயும் தனித்தனிய அலையத் தேவையில்ல. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு இந்த வருசம் குறூப்பா எடுக்கிறதுகளுக்குப் பேரைக் குடுங்கோ, தனி நிகழ்ச்சிக்கு பிள்ளை கேட்டால் மட்டும்.

முதல் மேடை சின்னனா இருக்கட்டும். மாரி வெள்ளமெண்டால் தைப்பொங்கல் கிட்ட வரும், கோயில் வாசலில பத்து நிமிசம், பாக்கிறது ஊர்ச்சனம். அதிகாரியளும் நன்கொடையாளரும் வாற விழாவெண்டால் பிள்ளையள மூண்டு மணித்தியாலம் ஒப்பனையோட வெயிலில காக்க வைப்பினம், பேச்செல்லாம் முடிய ஆடவிடுவினம், உதுக்கு ஓமெண்டு சொல்லாதேங்கோ. படம் எடுக்கிறதுக்கு முதல் தாய் தேப்பனிட்டக் கேக்கவேணும், பேரும் ஊரும் போட்டு "இவர் தந்தையை இழந்தவர்" எண்டு பேஸ்புக்கில போடுறதுக்கு ஆருக்கும் உரிமையில்ல.

காசு அனுப்பிற ஆக்களுக்கு

கனடாவில, சுவிஸில, லண்டனில இருந்து பழைய மாணவர் சங்கங்கள் கேக்கிறது "எத்தின பிள்ளைக்கு உடுப்பு வேணும்" எண்டு. உடுப்பு கடைசி. வீட்டில கிளாஸ் எடுக்கிற ரீச்சருக்கு அந்த மாசம் பீஸ் வராது, அவவின்ர வீட்டுக்கையும்தான் தண்ணி வந்தது, அவ வகுப்ப விட்டிட்டு வேற வேலைக்குப் போனா உங்கட உடுப்பப் போட்டுக்கொண்டு பிள்ளையள் எங்க போறது. ரீச்சருக்கும் அண்ணாவியாருக்கும் மாசாமாசம் ஒரு தொகை, ஒரே திகதியில, அடுத்த மாரி வரைக்கும். பெற்றோல் காசு. மிருதங்கம் மூட்டுப் போட்டு எடுக்கிற செலவு. வகுப்பு முடிய ஒரு பிளேன்ரீயும் பிஸ்கற்றும் அல்லாட்டி அவிச்ச கடலை, பசியோட முழங்கால் மடிச்சு அரைமண்டியில நிக்கேலாது. மிஞ்சினா உடுப்பு, அதுவும் அளவெடுத்து இஞ்ச தைக்கக் குடுத்தால் ஊரில தைக்கிற பிள்ளைக்கும் ஒரு வருமானம்.

அடுத்த மாரிக்கு முன்னம், ஆவணி புரட்டாதிக்குள்ள, வாத்தியங்கள வைக்க உயரமா ஒரு இடம் பாருங்கோ, மேல்மாடி உள்ள கட்டடம் ஊரில ஒண்டாவது இருக்கும். மூடி இறுகிற பிளாஸ்ரிக் பரல் ரெண்டு வேண்டிக் கொப்பி, சலங்கை, சேட்டிபிக்கற் போட்டோக் கொப்பியள அதுக்குள்ள போடுங்கோ. எச்சரிக்கை வந்தா ஆர் மிருதங்கத்தத் தூக்கிறது, ஆர் வீணையத் தூக்கிறது, திறப்பு ஆரிட்ட எண்டு பேர் எழுதிக் கதவில ஒட்டிவிடுங்கோ, பேர் எழுதேக்க பெரிய வகுப்புப் பிள்ளையளையும் சேருங்கோ, ஆனா தண்ணி ஏறத் தொடங்கினாப் பிறகு ஒரு பிள்ளையையும் உள்ளுக்கு அனுப்பக்கூடாது எண்டதையும் அதே பேப்பரில பெரிய எழுத்தில எழுதுங்கோ.